கண்ணாடிப் பெட்டியில் சைக்கிள் பம்ப்

அப்பா இறந்து எட்டு நாள் ஆகியிருந்தது. எட்டு நாளும் எங்கள் வீட்டு முற்றத்தில் ஆள் குறையவில்லை. டோமினோ கட்டையை மேசையில் ஓங்கி அறைகிறவர்கள், ரம் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மிச்சம் பார்க்கிறவர்கள், அப்பா யாரென்றே தெரியாமல் வந்து ஆட்டுத்தலை சூப்பைக் குடித்துவிட்டு ‘நல்ல மனுஷன்’ என்று சொல்லிப் போகிறவர்கள். யாரையும் எழுந்து போகச் சொல்லக் கூடாது. சொன்னால் செத்தவருக்கு மரியாதைக் குறைவாம். உயிரோடு இருக்கிறவள் தூங்குவதற்கு மட்டும் கிங்ஸ்டனில் ஒரு வழக்கமும் கிடையாது.

கால் சென்டரில் மூன்று நாள் லீவு கொடுத்தார்கள். நான்காம் நாளிலிருந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இன்டர்நெட் வரவில்லை என்று கத்துகிற அமெரிக்கர்களிடம் ‘உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது’ என்று பொழுதுக்கும் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன். ஒன்பதாம் நாளுக்கு மட்டும் கெஞ்சி ஒரு நாள் வாங்கினேன். ஒன்பதாம் இரவுதான் முக்கியம். அன்றைக்குத்தான் தெருவே வந்து உட்காரும். தெரு விசேஷங்களுக்குப் பாட்டுப் போடுகிற ஃபிட்ஸ் தன் ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்குவார். செத்தவருக்குப் பிடித்த பாட்டுகளைப் போட்டு, பேசி, சிரித்து, அவரை அனுப்பிவைப்போம். அடக்கம் அதற்குப் பிறகுதான்.

சண்டை அன்று காலையில் வந்தது.

அச்சகத்திலிருந்து அட்டைப்பெட்டி வந்திருந்தது. அப்பாவின் படம் போட்ட இரங்கல் தாள், இருநூறு பிரதி. நோவலெட் அத்தை, அப்பாவின் தங்கை, பெட்டியைப் பிரித்து முதல் தாளை எடுத்து, சர்ச்சில் வாசிக்கிற குரலில் வாசித்தாள்.

“ஹோரஸ் டல்லக். டிரம்மர். ‘வெள்ளிக்கிழமைச் சட்டை’ பாட்டுக்கு டிரம் வாசித்தவர்.”

அடுப்பங்கரையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த கை நின்றது. மிஸ் இசில்டா, எதிர்வீட்டுக்காரி. எட்டு நாளாக எங்கள் சாவுக்கு மீன் வறுப்பதும் காபி போடுவதும் அவள்தான். அன்று அவள் கையில் இருந்தது அப்பாவின் தகரத் துருவி. ஆணி அடித்து ஓட்டை போட்ட வளைந்த தகரம். அப்பா உயிரோடு இருந்தவரை அதை யாரையும் தொடவிடவில்லை. அம்மா டொராண்டோவுக்குப் போவதற்கு முன்னால், அதில் ஒரு தேங்காய் துருவ எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. கஞ்சத்தனம் என்று நினைத்தோம்.

“அதை யாரு எழுதுனது?” என்றாள் மிஸ் இசில்டா.

“நான்தான்.”

“படிச்ச பொண்ணு எழுதுனா எல்லாரும் நம்பிடுவாங்க. அதான் கஷ்டம்.” மறுபடி துருவ ஆரம்பித்தாள். “ஒரு பக்கம் பூரா மழுங்கிக் கெடக்கு இந்தத் துருவி. உங்கப்பன் இத வெச்சு என்ன பண்ணான், செவுத்த சொரண்டுனானா.”

“என்ன கஷ்டம் உனக்கு?” என்றாள் அத்தை. “நேரா சொல்லு இசில்டா.”

“நேராத்தான் சொல்றேன். அந்தப் பாட்டுக்கு டிரம் வாசிச்சது எம்புருஷன்.”

“ஒம்புருஷன் வாசிச்சான்னு யாரு பாத்தா?”

“ஒங்கண்ணன் வாசிச்சான்னு யாரு பாத்தா? மூணு வருஷம் முன்னாடி என் வீட்டு முற்றத்துல, ஆஸ்வால்டோட ஒன்பதாம் ராத்திரில, ஃபிட்ஸ் அந்தப் பாட்டப் போட்டாரு. ஹோரஸ் குடிச்சிட்டு எந்திரிச்சான். மைக்கப் புடுங்குனான். ‘இது என் டிரம்’னான். எம்புருஷன் பொணம் மண்ணுக்குள்ள போகல இன்னும். நான் ஒரு வார்த்தை பேசல.”

“அப்ப பேசல, இப்ப எதுக்குப் பேசற?”

“இப்ப அச்சுல வந்துருச்சே.”

‘வெள்ளிக்கிழமைச் சட்டை’யைப் பற்றி எங்கள் தீவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நடுவில் எல்லா வாத்தியமும் நிற்கும். ஒரு கணம் ஒன்றும் இருக்காது. அந்த வெறுமையில் ‘ஸ்ஸ்ஸ்ச்ச்’ என்று ஒரு சத்தம், பல்லை உறிஞ்சுகிற சத்தம் மாதிரி. பிறகு டிரம் விழும். கல்யாணமானாலும் கிரிக்கெட் மைதானமானாலும், அந்த இடம் வந்ததும் மொத்தக் கூட்டமும் சேர்ந்து பல்லை உறிஞ்சும். பாட்டே அதற்காகத்தான் போடப்படுகிறது என்று சொல்லலாம்.

எரிச்சல் வந்தால் பல்லை உறிஞ்சுவதில் எங்களுக்கு வஞ்சனை இல்லை. பஸ் வரவில்லை என்றால் உறிஞ்சுவோம், மந்திரி பேசினால் உறிஞ்சுவோம். எங்கள் அப்பா இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லாவற்றுக்கும் உறிஞ்சினார். பதினெட்டு வயதில் கிரிக்கெட் பந்து பட்டு அவருடைய மேல்பல் ஒன்று போயிருந்தது. அதனால் அவருடையது மட்டும் நீளமாக இழுத்து, கடைசியில் ஒரு சின்ன விசிலில் முடியும். மோனா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதத்தைக் காட்டினேன். எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். “சமூகவியலா” என்று கேட்டுவிட்டு உறிஞ்சினார். விசிலும் வந்தது.

எனக்கு அன்று காலை யார் பக்கம் பேசவும் தெம்பில்லை. ஆனால் அந்த வரி நான் எழுதியது. இரவு மைக்கில் நான்தான் வாசிக்க வேண்டும், மிஸ் இசில்டா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவள் வறுத்த மீனை எல்லாரும் தின்றுகொண்டிருப்பார்கள்.

“அந்தப் பாட்டப் பதிவு பண்ண டக்கன் ஸ்டுடியோவ இப்ப மியூசியமா ஆக்கியிருக்காங்க,” என்றேன். “என்கூட வேலை செய்ற பொண்ணு போயிட்டு வந்தா. டூர்ல அந்தப் பாட்டோட பழைய டேப்ப எடுத்து, டிரம்ம மட்டும் தனியா போட்டுக் காட்டுறாங்களாம்.”

இரண்டு கிழவிகளும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

“ஆஸ்வால்டோட கை எனக்குத் தெரியும்,” என்றாள் மிஸ் இசில்டா.

“என் அண்ணன் கை எனக்குத் தெரியாதா,” என்றாள் அத்தை, அப்போதே தொப்பியைத் தேடிக்கொண்டு.

ஷேர் டாக்சியில் ஐந்து பேருக்கு நடுவில் நசுங்கி டவுனுக்குப் போனோம். மிஸ் இசில்டா ஏப்ரனைக் கழற்ற மறந்திருந்தாள். வெங்காயத்தாள் வாசம் வண்டி முழுக்க அடித்தது.

ஸ்டுடியோ வாசலில் டிக்கெட் கூண்டு. உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்காரர்களுக்கு டாலரில் இன்னொரு விலை. உள்ளூர் விலைக்கு அடையாள அட்டை வேண்டும். அத்தை கொண்டுவரவில்லை.

“என்னப் பாத்தா வெளிநாட்டுக்காரி மாதிரியா இருக்கு?”

“இங்கிலாந்துல முப்பது வருஷம் இருந்துட்டுத் திரும்பி வந்தவங்களும் இதத்தான்மா கேக்கறாங்க,” என்றான் கூண்டில் இருந்தவன், தலையைத் தூக்காமல்.

“அவ தொப்பியப் பாரு தம்பி,” என்றாள் மிஸ் இசில்டா. “இங்கிலாந்துல இருந்து வந்தவ இதப் போடுவாளா?”

அவன் பார்த்தான். உள்ளூர் டிக்கெட்டே கிழித்துக் கொடுத்தான். அத்தை அதற்காக மிஸ் இசில்டாவிடம் நன்றி சொல்லவும் முடியாமல், திட்டவும் முடியாமல் நின்றாள்.

எங்கள் அப்பாவும் ஆஸ்வால்ட் மாமாவும் எந்த டிக்கெட்டும் இல்லாமல் வந்த வாசல் அது. டிக்கெட் இல்லாமல், மணிக்கணக்கும் இல்லாமல். ஒரு நாளைக்கு நான்கைந்து பாட்டுக்கு வாசிப்பார்களாம். பாட்டு என்றால் பாட்டு இல்லை, வெறும் தாளமும் வாத்தியமும். பாடகன் ஒரு மாதம் கழித்து வந்து அதன்மேல் பாடிவிட்டுப் போவான். என்ன பாட்டாக ஆயிற்று என்பதை வாசித்தவன் ரேடியோவில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இசைத்தட்டின் மேல் ஒட்டுகிற தாளில் பாடகன் பெயரும் முதலாளி டக்கனின் பெயரும் மட்டும் இருக்கும். சில தட்டில் பாடகன் பெயரே தப்பாக இருக்கும். தெருவுக்குத் தெரு இந்தப் பாட்டு என்னுடையது என்று சொல்லிக்கொண்டு ஒரு கிழவர் இருப்பதற்கு இதுதான் காரணம். இதைப் பற்றி நான் பல்கலைக்கழகத்தில் நாற்பது பக்கக் கட்டுரை எழுதி நல்ல மார்க் வாங்கினேன். என் வீட்டுக் கிழவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. டிரம் என்றார், டிரம் என்று எழுதிக்கொண்டேன்.

எங்களோடு டூரில் ஒரு ஜெர்மன் தம்பதி மட்டும். வழிகாட்டி ஜாவோன் என்ற பையன். என் வயதுதான் இருக்கும். அந்த நாளின் மூன்றாவது சுற்று அவனுக்கு. சிரிப்பு முகத்தில் ஒட்டியிருந்தது, கண்ணில் இல்லை. எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். நான் அதைக் குரலில் வைத்திருக்கிறேன்.

“நண்பர்களே, உலகத்தையே ஆடவெச்ச அறைக்கு வந்திருக்கீங்க.”

எங்கள் வீட்டுக் கூடத்தைவிடச் சின்ன அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை. அதில் பாதி எலி கடித்தது. ஒரு சுவரில் முதலாளி டக்கனின் படம், ஆள் உயரத்துக்கு. அதன் கீழே கையகலத்தில் இன்னொரு படம். ‘பெயர் தெரியாத இசைக்கலைஞர்கள், 1971.’ மங்கலாக நாலைந்து முதுகு.

மிஸ் இசில்டா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தாள். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு கையைத் தொட்டாள்.

“இந்த முழங்கை ஆஸ்வால்டுது.”

“முழங்கைய வெச்சா கண்டுபுடிக்கிற?” என்றாள் அத்தை.

“நாப்பத்தாறு வருஷம் அது என் விலாவுல இடிச்சிருக்கு.”

“அம்மா, தயவுசெஞ்சு படத்தத் தொடாதீங்க,” என்றான் ஜாவோன்.

அறையின் நடுவில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே வெல்வெட் துணிமேல் ஒரு சைக்கிள் பம்ப். ஜாவோன் அதன் பக்கத்தில் போய் நின்று குரலைத் தாழ்த்தினான். “வெள்ளிக்கிழமைச் சட்டை பாட்டுல வர்ற அந்தச் சத்தம். அது என்னன்னு ஐம்பது வருஷமா எல்லாரும் கேக்கறாங்க. முதலாளி டக்கனோட மேதைமை அது. இதே பம்ப்ப மைக் முன்னால வெச்சு அழுத்துனாரு.” பையிலிருந்து இன்னொரு பம்ப்பை எடுத்து ஒரு அழுத்து அழுத்தினான். புஸ் என்றது. ஜெர்மன்காரர் கைதட்டினார். கடையில் சாவிக்கொத்து அளவில் இதே பம்ப் விற்கிறார்கள் என்பதையும் சொன்னான்.

எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. நாற்காலிகள் எல்லாவற்றுக்கும் குறுக்கே சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மிக்சர் அறை. மேசையில் மேலும் கீழும் சறுக்குகிற நான்கு பட்டன்கள். “அப்பல்லாம் நாலே நாலு தடம்தான்,” என்றான் ஜாவோன். “ஒண்ணுல டிரம். ஒண்ணுல ஆர்கன், அது பக்கத்துல இருக்கற சில்லறை சாமான். ஒண்ணுல பேஸ் கிடாரும் ஊதறவங்களும். ஒண்ணு பாட்டுக்கு. எல்லாரும் ஒரே ரூம்ல, ஒரே நேரத்துல வாசிச்சாங்க. ஒருத்தன் இருமுனா எல்லா மைக்குலயும் விழும். அழிக்க முடியாது. தப்பு பண்ணா தப்போடதான்.”

முதல் பட்டனை மேலே தள்ளினான்.

டிரம் வந்தது. பிறந்ததிலிருந்து கேட்ட தாளம், சட்டை துணி எதுவும் இல்லாமல் எலும்பாக வந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். மிஸ் இசில்டா தலையைச் சாய்த்துக் கேட்டாள், எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி.

“ஆஸ்வால்ட்,” என்றாள்.

“ஹோரஸ்,” என்றாள் அத்தை.

“குச்சி விழறப்ப ஒரு தயக்கம் வருது பாரு. அது ஆஸ்வால்ட்.”

“தயக்கம் எல்லாருக்கும் வரும். அந்த வேகம் இருக்கே, அது ஹோரஸ்.”

“ஹோரஸ் வேகமா ஓடி நான் பாத்தது ரம் கடைக்குத்தான்.”

ஜெர்மன்காரப் பெண் என்னிடம் மெல்ல, இவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டாள். நல்லா இருக்கு என்று பேசிக்கொள்கிறார்கள் என்றேன்.

அதற்குள் அந்த இடம் வந்தது. டிரம் நின்றது. வெறுமை. அதில் எங்கோ தூரத்தில், பக்கத்து வீட்டில் யாரோ செய்த மாதிரி, அந்த உறிஞ்சல். பிறகு டிரம் விழுந்தது. தனியாகக் கேட்கும்போதுதான் தெரிந்தது, டிரம் விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. ஒரு அடி தாமதம். உறிஞ்சல் அந்தத் தாமதத்துக்குள் நடந்திருக்கிறது.

“கொஞ்சம் நில்லுங்க,” என்றேன். “அந்தச் சத்தம் ஏன் இவ்ளோ தூரத்துல கேக்குது?”

“பம்ப் தள்ளி இருந்திருக்கும் மிஸ்.”

“எங்க இருந்துது?”

“அது என் பேப்பர்ல இல்ல.”

“இத எறக்கிட்டு ரெண்டாவதத் தள்ளுங்க.”

“மிஸ், பன்னெண்டு மணிக்கு அடுத்த குரூப்பு. டூர்ல டிரம், பாட்டு, அவ்ளோதான் போடணும்.”

“எனக்கும் அது வேண்டும்,” என்றாள் ஜெர்மன்காரி. அவள் டாலரில் டிக்கெட் வாங்கியவள். ஜாவோன் மூச்சுவிட்டு, டேப்பைப் பின்னால் ஓட்டி, இரண்டாவது பட்டனைத் தள்ளினான்.

ஆர்கன் வந்தது. அதற்கு அடியில், ஒட்டினாற்போல், கரக் கரக் கரக் என்று ஒரு சுரண்டல். தகரத்தில் ஆணியைத் தேய்க்கிற சத்தம். பாட்டு முழுக்க நின்று கேட்டாலும் தனியாகக் காதில் விழாது. ஆனால் அது இல்லாவிட்டால் பாட்டு நடக்காது, நொண்டும்.

மிஸ் இசில்டா தன் வலதுகையைப் பார்த்தாள். தேங்காய்ப்பூ காய்ந்து ஒட்டியிருந்தது.

“துருவி,” என்றாள்.

நான் அத்தையைப் பார்க்கவில்லை. மழுங்கிப்போன அந்த ஒரு பக்கத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆணியில் மாட்டிய தகரம். யாரும் தொடக் கூடாத தகரம்.

ஆர்கன் நின்றது, சுரண்டலும் நின்றது. வெறுமை. அதில் என் காதுக்குள் சொல்கிற மாதிரி அவ்வளவு பக்கத்தில், ஸ்ஸ்ஸ்ச்ச் என்று நீளமாக இழுத்து, கடைசியில் அந்தச் சின்ன விசில். பாட்டில் டிரம் விழுந்து மூடிவிடுகிற விசில். இங்கே அதை மூட எதுவும் இல்லை.

சமூகவியலா.

அத்தை கயிற்றைத் தூக்கிவிட்டு அங்கிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அம்மா, அது நினைவுச்சின்னம், உட்காரக் கூடாது.”

“அது என் அப்பா,” என்றேன்.

ஜாவோன் ஸ்டூலைப் பார்த்தான்.

“ஸ்டூல் இல்ல. அந்தச் சத்தம். அது பம்ப் இல்ல. என் அப்பா பல்ல உறிஞ்சறாரு. ஆர்கன் பக்கத்துல நின்னுக்கிட்டு, டிரம்காரன் லேட்டாயிட்டான்னு உறிஞ்சறாரு.”

அவன் சிரிப்பை முகத்திலிருந்து எடுத்துவிட்டான். அது இல்லாமல் பார்க்க நல்ல பையனாகத்தான் இருந்தான். “மிஸ், மன்னிச்சுக்கங்க. போன வாரம் மட்டும் மூணு டிரம்மரோட பசங்க வந்தாங்க. இதே பாட்டுக்கு. மூணு பேரும் அழுதாங்க. நான் என்ன செய்யட்டும்?”

“டிரம்மர் இல்லங்க. துருவி.”

அவன் டேப்பை நிறுத்தினான்.

“துருவின்னு சொல்லிக்கிட்டு இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல,” என்றான்.

“அந்த பம்ப்ப எடுங்க.”

“அது ஆபீஸ்ல முடிவு பண்றது. கருத்து அட்டை இருக்கு, எழுதிப் பெட்டில போடுங்க.”

அட்டையில் ஐந்து முகம் போட்டிருந்தது, அழுகிற முகத்திலிருந்து பல் இளிக்கிற முகம்வரை. எதையாவது ஒன்றைச் சுழிக்க வேண்டும். அதற்குக் கீழே இரண்டு கோடு. இரண்டு கோட்டுக்குள் எழுதினேன். ஹோரஸ் டல்லக், துருவி, பல்லுறிஞ்சல். ஆஸ்வால்ட் ரெய்ட், டிரம். பம்ப் பொய். முகம் எதையும் சுழிக்கவில்லை. பெட்டிக்குள் போட்டால் அடியில் போய் விழுகிற சத்தம் கேட்கவில்லை, அவ்வளவு நிறைந்திருந்தது. நாங்கள் வாசலைத் தாண்டும்போது உள்ளே ஜாவோனின் குரல் அடுத்த குரூப்புக்கு, முதலாளி டக்கனோட மேதைமை அது என்றது. பம்ப் புஸ் என்றது. அவனைத் திட்டி என்ன செய்வது. நாளைக்கு நானும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எழுதிக் கொடுத்ததைத்தான் பேசப்போகிறேன்.

டாக்சி கிடைக்க அரை மணி நேரம் ஆயிற்று. வெயில் மண்டையைப் பிளந்தது. ஜெயித்தவள் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். ரோலிங்டன் டவுனில் எங்கள் தெருவுக்குத் திரும்புகிற வழியில்தான் மிஸ் இசில்டா வாயைத் திறந்தாள்.

“லேட்டு,” என்றாள். “ஊரே கொண்டாடுற எடம், அது அவன் லேட்டா விட்ட அடி. கல்யாணத்துக்கே லேட்டா வந்தான். பாதிரியார் சாப்புடப் போயிட்டாரு.”

முன்சீட்டில் இருந்தவர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

“துருவியாம்,” என்றாள் அத்தை. “வடக்குக் கரை ஹோட்டல்ல இருபது வருஷம் டிரம் வாசிச்சவன் எங்கண்ணன். சூட்டு போட்டுக்கிட்டு வாசிச்சான். வெள்ளைக்காரங்க படம் புடிச்சாங்க. அவன் கையில துருவியக் குடுத்திருக்கான் அந்த டக்கன். கனெக்டிகட்ல இருந்து எந்தம்பி வர்றான் சாயங்காலம். அவன்கிட்ட இதச் சொல்லவா? வாயத் தெறந்தீன்னா பாரு தமோயா.”

“வேணாம் விடு,” என்றாள் மிஸ் இசில்டா. “அச்சடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும். ஹோரஸ்தான் வாசிச்சான்னு சொல்லிக்கங்க. நான் ஒண்ணும் பேசல. போன எடத்துல அவங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கட்டும்.”

“பாத்தியா,” என்றாள் அத்தை என் விலாவில் இடித்து. “அவளே சொல்லிட்டா.”

எனக்கு அப்போது வந்த கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. மூன்று வருஷம் நெஞ்சில் வைத்திருந்ததை, கிடைத்த அரை மணி நேரத்தில் எங்களுக்குத் தூக்கிக் கொடுக்கிறாள். எங்களைப் பார்த்தால் அவ்வளவு பாவமாக இருக்கிறது அவளுக்கு. அப்பா ஏன் பொய் சொன்னார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. அம்மா டொராண்டோவில் தன் சர்ச்காரர்களிடம், என் மகள் அமெரிக்கக் கம்பெனியில் அதிகாரி என்று சொல்லிவைத்திருக்கிறாள். போனில் அவர்கள் கேட்கும்போது நான் ஆமாம் ஆன்ட்டி என்கிறேன். டிரம்மராக இருந்த ஆள் துருவி தேய்த்தேன் என்று டோமினோ மேசையில் எப்படிச் சொல்வார். ஆனால் எதிரில் உட்கார்ந்து கட்டை போட்டுக்கொண்டிருந்த ஆஸ்வால்ட் மாமாவுக்குத் தெரியும். அவர் ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை. அவர் செத்த பிறகும் அப்பா அதை எடுத்துக்கொண்டார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஃபிட்ஸ் வந்துவிட்டிருந்தார். ஆளுயரப் பெட்டிகளை மாமரத்தடியில் அடுக்கி, வாயில் ஒயரைக் கடித்துக்கொண்டு நின்றார். டோமினோ ஆட்கள் அப்போதே ஆரம்பித்திருந்தார்கள்.

“தமோயா, ராத்திரி அந்தப் பாட்டப் போடறப்ப மைக்குல நான் என்ன சொல்லணும்?” என்றார். “முன்கூட்டியே சொல்லிடு. போன தடவை மாதிரி ஆகக் கூடாது. இந்தத் தெருவுல எனக்கு இன்னும் தொழில் இருக்கு.”

அத்தை என் கையைப் பிடித்தாள். இறுக்கியே பிடித்தாள். மிஸ் இசில்டா எதையும் கேட்காதவள்போல மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுப்புக்குப் போனாள்.

“டிரம் ஆஸ்வால்ட் ரெய்ட்,” என்றேன். “துருவி ஹோரஸ் டல்லக். நடுவுல பல்ல உறிஞ்சறதும் ஹோரஸ் டல்லக்.”

ஃபிட்ஸ் வாயிலிருந்த ஒயரை எடுத்தார். “என்னது?”

“ஆஸ்வால்ட் மாமா லேட்டா அடிச்சாரு. அப்பா பல்ல உறிஞ்சுனாரு. அழிக்க முடியல. அதான் பாட்டு.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி, “இசில்டா, இது நெசமா?” என்றார்.

“அவ படிச்ச பொண்ணு,” என்றாள் மிஸ் இசில்டா, திரும்பாமல்.

அத்தை கையை விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கோபம் தணிய ரெண்டு நாளாகும். அதுவரை அவள் பங்குப் பாத்திரத்தையும் நான்தான் கழுவ வேண்டும்.

அட்டைப்பெட்டியையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். ‘டிரம் வாசித்தவர்’ என்பதை அடித்து, மேலே ‘துருவி வாசித்தவர்’ என்று எழுதினேன். அடுத்த தாள். அடுத்த தாள். என் எழுத்து பத்தாவது தாளிலேயே கோணிவிட்டது. மிஸ் இசில்டா வந்து ஒரு தாளை எடுத்து, தூரத்தில் நீட்டிப் பிடித்துப் படித்தாள்.

“ஆஸ்வால்ட் பேர எங்கயும் எழுதல.”

“இது அப்பாவோட தாள், மிஸ் இசில்டா.”

“அதுவும் சரிதான்.” தாளை மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டாள். “துருவியக் கழுவி அதே ஆணில மாட்டிட்டேன். நாளைக்குத் தேங்கா வேணும்னா என் வீட்டுதக் கொண்டாறேன்.”

ஃபிட்ஸ் பெட்டிகளைச் சோதிக்க எதையோ போட்டார். எதையோ இல்லை, அதையேதான். சாயங்கால வெயிலில் மாமரத்து இலைகள் அதிர்ந்தன. நான் முப்பதாவது தாளில் இருந்தேன். கரக் கரக் என்று ஒரு சுரண்டல் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷம் கேட்காத காதுக்கு இப்போது அது மட்டும்தான் கேட்டது.

அந்த இடம் வந்தது. டோமினோ மேசையில் கட்டை பிடித்த கைகள் அப்படியே நின்றன. யாரும் தலையைத் தூக்கவில்லை. மேசையில் நான்கு பேர், வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்துகிறவள், தெருவில் போகிற ஐஸ் வண்டிக்காரர், சாத்திய கதவுக்குப் பின்னால் நோவலெட் அத்தை, எல்லாரும் சேர்ந்து பல்லை உறிஞ்சினார்கள். எப்போதும் செய்வதுதான்.

டிரம் விழுந்தது. “வந்துட்டான்,” என்றாள் மிஸ் இசில்டா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு, முதல் மீனைப் போட்டாள்.

ஒருவர் வாயிலும் கடைசியில் அந்த விசில் வரவில்லை. அதற்கு அந்தப் பல் போயிருக்க வேண்டும். நான் பேனாவை உதறிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தேன். இன்னும் நூற்றெழுபது இருந்தது.